அஸருக்குப் பிறகு என்று போட்டுவிட்டேன்

மாதத்துக்கு ஒரு தடவை, எனக்குப் புரியாத ஒரு பொருளைப் பற்றி உலகத்துக்குச் செய்தி எழுதுகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்திரிகைகளில் பலர் இதைத் தினமும் செய்கிறார்கள். என்னிடமுள்ள ஒரே விசேடம், எனக்குப் புரியவில்லை என்பது என் வாசகர்களுக்குத் தெரியும்.

பொருள் ஒரு மென்பொருள். ஏராளமான கணினிகள் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்ள உதவுகிற பிரேம்வேர்க். அதாவது, மற்றவர்கள் தங்கள் மென்பொருளை எழுப்புவதற்காக ஏற்கெனவே போட்டுவைத்த அத்திவாரம். அதன் நிரலை யாரும் சும்மா எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தி எல்லோருக்குமாகத் திருப்பிக் கொடுக்கலாம். அப்படித் திருப்பிக் கொடுக்கிறவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அவர்களுக்கு மாதாமாதம் ஆங்கிலத்தில் ஒரு செய்திமடல் போகும்: என்ன புதிய பதிப்பு வந்தது, யார் புதிதாகச் சேர்ந்தார், எந்தக் கம்பனி இதை வைத்து என்ன வியாபாரம் செய்கிறது, எங்கே ஆள் தேடுகிறார்கள். அதை எழுதுகிறவன் நான். கல்முனையில், என் மனைவியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாப்பாடு இல்லாத நேரங்களில்.

மனைவியின் வீடு என்றது பணிவுக்காகச் சொன்னதல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேர்கிறவர். நான் கொண்டுவந்த சூட்கேசில் பாதிக்கு மேல் புத்தகங்கள் என்று கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து, நல்ல நடத்தையின் பேரில் அங்கே தங்கியிருக்கிறேன். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன்; கொஞ்சம் முந்தியே ஓய்வு எடுத்துக்கொண்டேன். இடைக்கிடை தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். நகைச்சுவை என்று ஆசிரியர் மேலே கட்டம் கட்டிப் போட்டுவிடுவார், வாசகர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக.

என்னை இந்தச் செய்திமடலில் மாட்டியவள் என் மருமகள், ராத்தாவின், அதாவது அக்காவின், மகள். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்தவள். கல்யாணத்துக்கென்று ராத்தாவும் மச்சானும் கட்டிக்கொடுத்த வீட்டின் மேல்மாடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனி நடத்துகிறாள். கீழே பெற்றோரும் அவளுடைய சின்ன மகளும். மேலே அவளும் அவளோடு படித்த சில பிள்ளைகளும். கீழ்வீட்டுக்குப் பூச்சு, நிறம், தரைக்கு ஓடு எல்லாம் உண்டு. மேல்மாடி வெறும் கல்லுச் சுவர். மாரி மழையில் அந்தச் சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்பக்கமாக வியர்க்கும். மேசைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் போட்டிருந்தார்கள்.

காசில்லாமல் விட்ட சுவர் அல்ல அது. அவளுடைய கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நல்ல மனிதர். மனைவியையும் பிள்ளையையும் தன்னோடு கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் சொல்வார். அவளுக்குப் போக மனமில்லை. ஆனால் போகமாட்டேன் என்று உறுதியாகச் சொல்வதற்கு அவளுடைய கம்பனி இன்னும் நிலைக்கவில்லை. சுவரைப் பூசவில்லையா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன்.

“செவரப் பூசினா நான் இஞ்சதான் இரிக்கப்போறன் எண்டு அர்த்தம் மாமா. அது இன்னும் எனக்கே தெரியா,” என்றாள்.

செய்திமடலை முன்பு எழுதிவந்தவருக்குக் குழந்தை பிறந்து அவர் விலகியபோது, ஆள் தேவை என்று அறிவித்தார்கள். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “உங்களுக்கு இங்கிலீசும் தெரியும், சும்மாவும் இரிக்கீங்க. ரெண்டும் ஒரு ஆளிட்ட சேர்றது லேசில்ல,” என்றாள். என் மனைவி அதைக் கேட்டு இரண்டாவது தகுதியை மட்டும் உறுதிப்படுத்தினாள்.

முதல் மடல் எழுத உட்கார்ந்தபோது நோன்பு மாதம். இந்தப் பிரேம்வேர்க்கின் பெருமையே அது எதற்காகவும் காத்து நிற்காததுதான் என்று மருமகள் விளக்கினாள். நேரத்தோடு பூட்டிவிடுகிற சில அரசாங்கக் கந்தோர்களின் பெருமையும் அதுதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை, என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிவாசல் மதிலைக் காட்டினாள். மாலையில் பள்ளியில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். அதற்கு எங்கள் தெருவில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. பாத்திரங்கள் நிற்கும். அலுமினியச் சட்டி, மூடி போட்ட வாளி, ஒரு காலத்தில் பெயின்ற் இருந்த வாளி என்று மதிலோரமாகத் தங்கள் தங்கள் முறையில் குந்தியிருக்கும். வைத்தவர் வீட்டுக்குப் போய்த் தன் வேலையைப் பார்ப்பார். கஞ்சி இறக்கியதும் ஒலிபெருக்கி கூப்பிடும், போய் எடுத்துக்கொள்வார். இதுவும் அதுதான் என்றாள். ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவது. பதில் வந்ததும் கூப்பிடச் சொல்வது. அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் புரியவில்லை.

எனக்குப் பழக்கமான செய்தி ஊர்ச் செய்திதான். அதனால் அந்தப் பாணியிலேயே எழுதினேன். புதிதாகச் சேர்ந்தவர்களை மாப்பிள்ளை வந்ததுபோல் வரவேற்றேன். சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை, நெல்லோடு வரும் லொறிகளை நிறுத்துக் கணக்கு வைக்க மருமகளின் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, வியாபாரப் பகுதியில் அந்த ஆலைக்கு ஒரு பெரிய வங்கிக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்தேன். நிரலின் பழைய பகுதி ஒன்றை நீக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்த மாதம்தான் என் திறமை முழுதும் வெளிப்பட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளி ஒலிபெருக்கி அறிவிக்கிற முறை ஒன்று உண்டு. இன்ன தெருவைச் சேர்ந்தவர், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார், நல்லடக்கம் இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. போனவரைத் தெரியாவிட்டாலும் அவருடைய மருமகனைத் தெரிந்திருக்கும். அதற்காகத்தான் அந்தச் சங்கிலி. துஆவையும் மார்க்கச் சொற்களையும் தொடாமல், சங்கிலியை மட்டும் எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டாம் கோப்புறையில் நீண்டகாலம் குடியிருந்த இன்ன பகுதி முதுமையினால் காலமானார், இன்ன கட்டளையின் தகப்பனார், இப்போது யாரும் கூப்பிடாத இன்னொரு கட்டளையின் மாமனார், அடக்கம் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு. கடைசி வரி இல்லாவிட்டால் அறிவித்தல் முடிந்த மாதிரியே இல்லை என்று பட்டதால் அதையும் விட்டுவைத்தேன்.

வாசகர்களுக்கு அது பிடித்துப்போனது. இந்தப் பிரேம்வேர்க்கைத் தொடக்கத்தில் தனியாளாக எழுதியவர் வடக்கே பனி பெய்யும் நாடு ஒன்றில் இருக்கிறார். காலமான பகுதி தான் இளவயதில் எழுதியது என்றும், அறிவித்தலை வாசித்து ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றும் அவர் எழுதினார். அஸர் என்றால் எத்தனை மணி என்றும் கேட்டிருந்தார். அடுத்த மடலில் விளக்கினேன். நிலத்தில் ஒரு தடியை நட்டால் அதன் நிழல் தடியளவு நீளுகிற நேரம் என்று. படிப்பித்த காலத்துப் பழக்கம், எதையும் சுருக்கிச் சொல்வது. சுருக்கியதில் பாதியை விட்டுவிட்டேன். உச்சி வேளையில் தடிக்கு இருந்த நிழலைக் கழித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது அந்தப் பாதி. சூரியன் தலைக்கு மேலே போகிற எங்கள் ஊரில் இந்தப் பாதி இல்லாமலும் சமாளிக்கலாம்.

இப்படியே சில காலம் போனது. பிறகு ஒரு மாதம் நான் பகிடியாக எழுத முடியாத செய்தி வந்தது.

இந்தப் பிரேம்வேர்க்கைப் பராமரிப்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த ஒரு பெரிய கம்பனி, இனித் தங்களுக்கென்று சொந்தமாக ஒன்று செய்துகொள்ளப்போகிறோம் என்று கையை எடுத்துவிட்டது. அதைத் தொடர்ந்து தொடக்கியவரும் எழுதினார். தனக்கும் களைத்துவிட்டது, ஒரு கூட்டம் வைப்போம், பொறுப்பெடுக்கப் போதிய ஆட்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், வழக்கம்போல நாலைந்து பேர்தான் வந்தார்கள் என்றால் நிரலைப் பூட்டிவிடுவேன். பூட்டுவது என்றால், எவரும் வாசிக்கலாம், எவரும் தொட முடியாது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இராது.

மருமகளின் பெரிய வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டுக் கம்பனி. கப்பலில் போகிற குளிர்ப்பெட்டிகளில் மீனும் இறாலும் கெட்டுப்போகாமல் தூரத்திலிருந்து சூடு பார்ப்பது அவர்கள் தொழில். பூட்டிக் கிடக்கிற அத்திவாரத்தின் மேல் தங்கள் வியாபாரத்தை வைக்க மாட்டோம் என்று அவர்கள் மரியாதையாக அறிவித்துவிட்டார்கள். அரிசி ஆலையை மட்டும் நம்பி மேல்மாடியை நடத்த ஏலாது. கூட்டம் சரிவராவிட்டால் கம்பனியை மூடிவிட்டுப் பிள்ளையோடு கட்டாருக்குப் போவதாகக் கணவரிடம் ஒப்புக்கொண்டாள். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முயன்றதாகவும், சரியாக வரவில்லை என்றும் என்னிடம் சொன்னாள்.

ஆனால் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. மச்சானுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் விவசாயிகள் கூடிக் கன்னக் கூட்டம் வைப்பார்கள். என்றைக்குத் தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்று அதில் முடிவாகும். தண்ணீர் வருமுன் வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. அவரவர் காணியின் அளவுக்கு அவரவருக்கு ஒரு துண்டு வாய்க்கால். இந்த மரத்திலிருந்து அந்த மதகு வரை உன்னுடையது, அங்கிருந்து வளைவு வரை இவருடையது. பெரிய கம்பனி போனால் போகட்டும், இந்த நிரலையும் அப்படித் துண்டு துண்டாகச் சின்னக் கம்பனிகளுக்கும் தனியாட்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்பது அவள் எண்ணம். அதைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அதற்கு முதலில் கூட்டத்துக்கு ஆள் வர வேண்டும்.

ஆட்களைக் கூப்பிடுகிற வேலை என்னுடையது. நான் அதைச் சிரத்தையோடு செய்தேன். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக ஆங்கிலம் எழுதியதில்லை. இணைய அறையின் முகவரியைச் சரியாகக் கொடுத்தேன். வருகிறவர் ஒவ்வொருவரும் ஏன் முக்கியம் என்று சொன்னேன். நாள், சனிக்கிழமை. நேரம், அஸருக்குப் பிறகு.

எழுதும்போது அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. அதுதான் இதில் விசேடம். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நாலு மணிக்குச் சந்திப்பதில்லை. எல்லாம் தொழுகைக் கணக்கு: விடியலில் சுபஹுக்குப் பிறகு, மதியம் லுஹருக்கு முன், அஸரோடு, பொழுதுபட மஃரிப் முடிய. கல்யாணம் பேசுவதும் காணி அளப்பதும் அப்படித்தான். மணிக்கூட்டை நாங்கள் கட்டியிருப்பது நாகரிகத்துக்காக. வழக்கமாக என் மடலை மருமகள் ஒருமுறை பார்த்துத்தான் அனுப்புவாள். அந்த வாரம் தன் யோசனைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள், “மாமா, நீங்களே அனுப்பி விடுங்க,” என்றாள். அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்தா வீட்டில் எனக்குப் பகல் சாப்பாடு. வெளியே அடைமழை. கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாக மீன் குழம்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாமா, அந்த மனிசன் இப்பவே வந்து குந்தி இரிக்கார்.”

“எந்த மனிசன்?”

“தொடக்கினவர்தான். தனிய இரிக்கார். கூட்டம் எத்தின மணிக்கு எண்டு போட்டீங்க?”

“அஸருக்குப் பிறகு எண்டுதான் போட்டன்.”

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். பிள்ளை வாயைத் திறந்தபடி அடுத்த பிடிச் சோற்றுக்காகக் காத்திருந்தது.

“எந்த ஊர்ட அஸர்?” என்றாள்.

படிப்பித்த காலத்தில் மாணவர்களிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டதாக ஞாபகமில்லை. மச்சான் மட்டும், “ஏன், நம்மட ஊர்டதானே,” என்று எனக்காக வாதாடினார். அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு விளங்கியது.

பிள்ளையை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு அவள் மேலே ஓடினாள். கழுவாத கையோடு நானும் பின்னால் ஏறினேன். திரையில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல்; ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி; பனியில் ஒரு தடி நட்டிருந்தது. தடியின் நிழல் முற்றத்தைத் தாண்டி வேலி வரை போயிருந்தது.

அவர் குறை சொல்லவில்லை. என் விளக்கத்தைப் பின்பற்றியதாகச் சொன்னார். தடியை நட்டாராம். அவர் ஊரில் மாரியில் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை. விடிந்ததிலிருந்தே நிழல் தடியைவிடப் பல மடங்கு நீளம். அந்தக் கணக்கில் தங்கள் ஊரில் பல வாரங்களாக அஸர்தான் என்று முடிவுசெய்து, பிந்தக் கூடாதே என்று வெளிச்சம் வந்ததும் அறைக்குள் வந்துவிட்டார். செய்திமடல் ஆசிரியர் இவர்தான் என்று மருமகள் என்னைக் காட்டிக்கொடுத்தாள். நான் குழம்புக் கையை உயர்த்தி ஸலாம் சொல்லுகிற மாதிரி ஒன்றைச் செய்தேன்.

அவர் வேறொன்றும் சொன்னார். கூட்டத்தில் நீண்ட நேரம் இருக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். எல்லோரும் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, பூட்டிவிட்டு, எழும்பிப் போவதாக இருந்தாராம். இதைக் கதைக்கும்போது அவருடைய குரலில் கோபமில்லை. நீண்ட காலம் ஒரே கடையைத் தனியாகத் திறந்து மூடியவரின் குரல் அது.

ஒரு திருத்தம் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன் என்று நான் மருமகளிடம் மெல்லச் சொன்னேன். கிறீனிச் உலக நேரத்தில், இலக்கத்தில், சரியாக. அவள் திரையையே பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

“வேணாம் மாமா. விடுங்க. ஒவ்வொருத்தரா வரட்டும்.”

“அப்ப கூட்டம் எண்டு சொல்லேலாதே புள்ள.”

“கூட்டத்துலதான் எல்லாரும் ஓம் எண்டுட்டு ஒளிச்சிருவாங்க. தனிய வாற ஆளுக்கு ஒளிய ஏலா.”

பிறகு அவள் தொடக்கியவரிடம் தன் வாய்க்கால் கதையைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். தன் அனுபவத்தில் கூட்டத்தில் எல்லோரும் சம்மதிப்பார்கள், மண்வெட்டியோடு ஒருவரும் வர மாட்டார்கள் என்றார். உண்மைதான் என்றாள் அவள். அதனால்தான் தன் வாப்பாவின் கூட்டத்தில் வாய்க்கால் வெட்டச் சம்மதமா என்று எவரிடமும் கேட்பதில்லை. எங்கிருந்து எங்கே வரை என்றுதான் கேட்பார்கள். அவர் அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு எழும்ப வேண்டியவர், எழும்பிப்போய் இன்னொரு கோப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் ஊரில் அஸர் முடிந்திருந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அறையில் இருவரே இருப்பதைக் கண்டு, முந்தி வந்ததற்கும் மன்னிப்புக் கேட்டார். மருமகள் வரைபடத்தைக் காட்டி, எங்கிருந்து எங்கே வரை என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு துண்டைத் தொட்டார். அடுத்து இந்தோனேசியாவிலிருந்து ஒரே தொழிலகத்தைச் சேர்ந்த இருவர். அதற்கிடையில் எங்கள் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். மருமகள் தொழப் போகையில் அறையை மலேசியாப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண் அவளுக்குப் பதிலாக, அதே கேள்வியை, அதே வார்த்தைகளில் கேட்டார்.

அஸர் ஊர் ஊராக மேற்கே நகர்ந்துகொண்டு போக, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான கூட்டங்கள் ஐரோப்பாவுக்கு வசதியான ஒரு நேரத்தில் நடக்கும். மற்றவர்களுக்கு அது நடுச்சாமமாகவோ வேலைக்கு ஓடுகிற காலையாகவோ இருக்கும். இந்தமுறை எல்லோருக்கும் அவரவர் ஊரில் தேத்தண்ணி குடிக்கிற நேரம். முஸ்லிமல்லாதவர்கள் பலர் போனில் அஸர் நேரம் பார்க்கிற செயலியை இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் மடல்களை இவ்வளவு பேர் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிற ஒருவர், மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், கூட்டம் நடத்துகிற முறை இதுவல்ல, எல்லோரும் ஒன்றாக இருந்து கை உயர்த்த வேண்டும் என்று நியாயமாகவே சண்டை பிடித்தார். பிடித்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். மச்சான் இடையில் மேலே வந்து, கூட்டம் என்றால் வருகிறவர்களுக்கு ஏதும் கொடுக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். திரையில் இருந்தவர்களுக்குக் கொடுக்க முடியாததால், கொண்டுவந்த வட்டிலப்பத்தை எனக்கும் அலுவலகப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். தொடக்கியவரின் பனி முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்குப் போகம் கிடைக்கிறல்ல போல,” என்று இரக்கப்பட்டார்.

மஃரிபுக்குப் பிறகு வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த துண்டுகள் குறைந்துவிட்டன. ஆனால் ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது. மிகப் பழைய பகுதி. எழுதியவருக்கே இப்போது வெட்கமாக இருக்கும் என்று மருமகள் சொன்ன பகுதி. எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், பக்கத்துத் துண்டைத் தொடுவார்கள். நடு வாய்க்காலில் ஒரு துண்டு வெட்டாமல் கிடந்தால் மற்றத் துண்டுகளை வெட்டிப் பிரயோசனமில்லை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். துருக்கியிலிருந்து வந்தவரும் அதைத் தாண்டிப் போனபோது அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது.  

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. உலகத்தின் மிச்சப் பாதிக்கு அஸர் ஆவதற்குள் இந்த ஆசிரியருக்கு நித்திரை வந்துவிட்டது. வீட்டுக்குப் போனேன். செய்தியாளன் செய்தி முடியுமுன் தூங்கிப்போவது புதிதல்ல என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

சுபஹு தொழுதுவிட்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மருமகள் நல்லபடியாகத் தூங்கி எழும்பிய முகத்தோடு பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். தானும் இராத் தொழுகை இஷாவுக்குப் பிறகு படுத்துவிட்டதாகச் சொன்னாள். மொறோக்கோக்காரரிடம் அறையைக் கொடுத்தாளாம். அவர் பிறேசில்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஒருவரிடம். ஒருவர் போக ஒருவர் வந்து, அறை விடியும்வரை பூட்டாமலே இருந்திருக்கிறது.

“அந்தத் துண்டு?” என்று கேட்டேன்.

“அவரே எடுத்துட்டார் மாமா.”

தொடக்கியவர் நன்றி சொல்லிப் போகத்தான் பலமுறை எழும்பினாராம். ஒவ்வொருமுறையும் புதிதாக வந்த ஒருவர், தான் எடுத்த துண்டைப் பற்றி அவரிடம் ஏதாவது கேட்டிருக்கிறார். கேட்டவர்களில் பலருடைய குரலை அவர் முதன்முதலாகக் கேட்கிறாராம். தன் ஊரில் உண்மையாகவே இருட்டிய பிறகு, அந்த வெள்ளைத் துண்டைத் தொட்டு, இதை அழுக்காக்கியவன் நான்தான், இது என்னுடையது, மற்றதெல்லாம் உங்களுடையது என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். சாவி ஒரு குழுவிடம் இருக்கிறது. வாய்க்காலுக்கு ஒரு வட்டவிதானை இருந்து யார் வெட்டினார், யார் வெட்டவில்லை என்று பார்க்க வேண்டுமே. அந்தப் பொறுப்பு மருமகளுக்கு.

குளிர்ப்பெட்டிக் கம்பனி உடனே பாராட்டிக் குதிக்கவில்லை. இந்த ஏற்பாடு எப்படிப் போகிறது என்று பார்ப்போம், அதுவரை உங்களோடு இருக்கிறோம் என்று எழுதினார்கள். மருமகளுக்கு அது போதும். அன்றிரவே கட்டாரிலிருந்து போன் வந்தது. அப்படியானால் நீ வரவில்லையா என்று அவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்; நான் இருந்த பக்கம் அவளுடைய குரல் மட்டும்தான் கேட்டது.

“நான் வரல்ல. நீங்க வாங்க. மேல ஒரு மேசை சும்மாதான் கிடக்கு.”

அவர் இப்போதைக்கு நோன்புக்கு லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து பார்ப்பாராம். மேசையை அவள் துடைத்துவைத்திருக்கிறாள்.

எனக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது, தகுதியில்லாத பங்கு. அந்த அறிவித்தலை நான் வேண்டுமென்றே அப்படி எழுதியதாக உலகம் நம்புகிறது. நாம் கட்டுகிற பொருளைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட முதலாவது கூட்ட அறிவித்தல் இதுதான் என்று தொடக்கியவரே புகழ்ந்து எழுதினார். இனிமேல் முக்கியமான கூட்டங்கள் எல்லாம் அவரவர் ஊர் அஸருக்குப் பிறகு, அறையைத் திறந்துவைத்தே நடக்கும் என்று விதியாக்கியும்விட்டார்கள். மறுத்து எழுதத் தொடங்கினேன். மருமகள் தடுத்தாள். ஒரு நல்ல ஏற்பாட்டை உண்மையைச் சொல்லிக் கெடுக்க வேண்டாம் என்பது அவள் கருத்து. நிழலைப் பற்றிய மிச்சப் பாதியை மட்டும் அடுத்த மடலில் திருத்தமாகப் போட்டேன். பனி நாட்டிலிருந்து, பழைய கணக்கே தனக்கு வசதி என்று பதில் வந்தது.

அந்த மடலின் வியாபாரப் பகுதியில் முதல் செய்தி, கல்முனையில் ஒரு கம்பனி தன் மேல்மாடிச் சுவரைப் பூசப்போகிறது என்பது. இது செய்தியா என்று வெளியூர் வாசகர் ஒருவர் கேட்டார். இந்த வருடம் நான் எழுதியதில் இதுதான் செய்தி என்று பதில் போட்டேன்.

மழை விட்ட கிழமை மச்சான் ஒரு மேசனைக் கூட்டிவந்தார். அவர் மேல்மாடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், இவ்வளவு காலம் விட்டுவைத்தவர்களைப் பற்றி மெல்ல ஏதோ சொன்னார். மணலையும் சீமெந்தையும் இறக்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு அஸரோடு வந்து அளவு எடுப்பதாகச் சொல்லிப் படியிறங்கினார். மருமகள் என்னைப் பார்த்தாள்.

“எந்த ஊர்ட அஸர்?” என்று மேசனைக் கேட்டேன்.

“நம்மட ஊர்டதான் சேர். வேற எங்க அஸர் இரிக்கி?” என்றார் அவர், என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் லுஹருக்கு முன்பே மணல் வந்து வாசலை அடைத்துக்கொண்டு குவிந்து கிடந்தது. உள்ளே போக வழியில்லாமல் நாங்கள் எல்லோரும் அதன் மேல் ஏறித்தான் இறங்கினோம்.